கிராமி விழா எனக்கு ஏன் பிடிப்பதில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வருஷா வருஷம், பெரும்பாலும் பிப்ரவரி தொடக்கத்தில், ஒரு திங்கட்கிழமை காலை, காப்பி ஆறுவதற்குள் கைபேசியில் செய்திகள் குவிந்துவிடும். யாருக்கு எத்தனை கிராமி, யார் என்ன உடுத்தியிருந்தார், யார் யாரைப் பார்த்து முகம் சுளித்தார். எப்போதும் இசையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறவன் என்பதால் நண்பர்கள் என்னிடம்தான் முதலில் கேட்பார்கள். "அந்த விழாவை நான் பார்ப்பதில்லை, எனக்கு அது பிடிக்காது" என்று சொன்னதும் அடுத்தடுத்துக் கேள்விகள் வரும். பல வருஷமாக வரும் அந்தக் கேள்விகளையும் என் பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கிராமியை யார் கொடுக்கிறார்கள்? அரசாங்கமா?

இல்லை. அமெரிக்காவில் ரெக்கார்டு கம்பெனிகளைச் சேர்ந்தவர்கள் 1957-ல் தொடங்கிய ஓர் அமைப்பு கொடுக்கிறது. இன்று அதன் பெயர் ரெக்கார்டிங் அகாடமி. முதல் விருதுகள் 1959 மே 4 அன்று வழங்கப்பட்டன. கிராமபோன் என்ற சொல்லைச் சுருக்கித்தான் கிராமி என்று பெயர் வைத்தார்கள். கோப்பையும் பழைய குழாய் வைத்த கிராமபோன் பெட்டியின் வடிவம்தான். பணமுடிப்பு எதுவும் கிடையாது.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. 'உலகின் உயரிய இசை விருது' என்று நம் செய்திகளில் போடுகிறார்கள். உண்மையில் இது ஒரு நாட்டின் இசைத் தொழிலில் இருப்பவர்கள் தங்களுக்குள் ஓட்டுப் போட்டுக் கொடுத்துக்கொள்ளும் விருது. அதில் தப்பே இல்லை. எந்தத் தொழிலிலும் சக தொழிலாளி மெச்சுவது பெரிய விஷயம்தான். ஆனால் அந்த மெச்சலை உலக இசைக்கே தீர்ப்பாக மாற்றிக் காட்டுகிறபோதுதான் எனக்கு ஒத்துவருவதில்லை.

அப்படியானால் விருதே வேண்டாம் என்கிறீர்களா?

அப்படிச் சொல்லவே மாட்டேன். விருது வேறு, விழா வேறு. எனக்குப் பிடிக்காதது மாலையில் தொலைக்காட்சிக்காக நடத்தும் அந்த மூன்றரை மணி நேர ஆர்ப்பாட்டம்.

விழாவில் அப்படி என்ன குறை?

1959-ல் 28 விருதுகள் இருந்தன. 2024-ல் 94 பிரிவுகள். இந்த 94-ல் மாலை நேரலையில் மேடையில் வைத்துக் கொடுப்பது ஏறக்குறைய பத்துத்தான். மீதி எண்பதுக்கும் மேற்பட்ட விருதுகளை அதே நாள் மதியம், பக்கத்து அரங்கில், மளமளவென்று கொடுத்து முடித்துவிடுகிறார்கள். ஜாஸ், மேற்கத்திய செவ்வியல் இசை, ப்ளூஸ், நாட்டார் இசை, ஒலிப்பதிவுப் பொறியாளர்களுக்கான விருதுகள், அப்புறம் நம் ஊர்க் கலைஞர்கள் பெரும்பாலும் போட்டியிடும் உலக இசைப் பிரிவு, எல்லாம் இந்த மதியத்தில்தான். இணையத்தில் இலவசமாகக் காட்டுகிறார்கள். பார்க்கிறவர்கள் குறைவு.

2024 பிப்ரவரியில் அதை நான் பார்த்தேன். லாஸ் ஏஞ்சலஸில் மதியம் பன்னிரண்டரை என்றால் இங்கே நள்ளிரவு தாண்டி இரண்டு மணி. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். கூடத்து விளக்கைப் போடாமல், காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். இந்திய இசையையும் ஜாஸையும் கலக்கும் சக்தி குழுவின் 'திஸ் மொமென்ட்' சிறந்த உலக இசை ஆல்பமாக அறிவிக்கப்பட்டதும் வாய்விட்டுக் கத்த முடியாமல் தொடையில் தட்டிக்கொண்டேன். ஷங்கர் மகாதேவன் பேசினார், மனைவிக்கு நன்றி சொன்னார். வயலின் கணேஷ் ராஜகோபாலன், கஞ்சிரா செல்வகணேஷ், தபலா ஜாகிர் உசேன், கிடார் ஜான் மெக்லாஃப்ளின் என்று 1977-க்குப் பிறகு அந்தக் குழு ஸ்டூடியோவில் செய்த முதல் ஆல்பம் அது. நாற்பத்தாறு வருஷக் காத்திருப்பு. மேடையில் அதற்குக் கிடைத்தது கொஞ்ச நேரம்தான், உடனே அடுத்த பிரிவுக்குப் போய்விட்டார்கள்.

காலை ஆறரைக்கு, அதாவது அங்கே ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, பெரிய விழா தொடங்கியது. அந்த ஒரே மதியத்தில் ஜாகிர் உசேன் மூன்று கிராமி வாங்கியிருந்தார். வாசிப்பில் அவரைத் தாண்டியவர் அன்று அந்த ஊரில் இருந்திருப்பாரா என்றே எனக்குச் சந்தேகம். ஆனால் அந்த ஆல்பம் மாலை மேடைக்கு வரவில்லை. யார் எந்த வரிசையில் உட்கார்ந்தார் என்பதைக் காட்ட நேரம் இருந்தது.

என் குறை இதுதான். வெளிச்சம் யாருக்கு ஏற்கெனவே வேண்டிய அளவு இருக்கிறதோ அவர்கள் மேலேயே மறுபடியும் அடிக்கிறார்கள்.

ஓட்டுப் போடுவது யார்? அவர்கள் எல்லாப் பாட்டையும் கேட்கிறார்களா?

அகாடமியின் ஓட்டுரிமை உள்ள உறுப்பினர்கள். பாடகர்கள், பாடலாசிரியர்கள், தயாரிப்பாளர்கள், ஒலிப் பொறியாளர்கள் என்று பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். 'ஆண்டின் சிறந்த ஆல்பம்' போன்ற ஆறு பொதுப் பிரிவுகளுக்கு எல்லோரும் ஓட்டுப் போடலாம். மற்றபடி ஒருவர் தனக்குத் தெரிந்த மூன்று துறைகளுக்குள் பத்துப் பிரிவுகள் வரைதான் ஓட்டளிக்கலாம். இந்தக் கட்டுப்பாடு நல்லது. தெரியாத இசைக்குத் தீர்ப்புச் சொல்லாதே என்பதுதான் அதன் பொருள்.

பொதுப் பிரிவுகளில்தான் கோளாறு. ஜாஸ் டிரம்மரும் கன்ட்ரி எனும் அமெரிக்கக் கிராமியப் பாட்டுப் பாடகரும் ராப் தயாரிப்பாளரும் ஒரே பட்டியலில் இருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அத்தனை ஆல்பங்களையும் முழுக்கக் கேட்டார்களா என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. கேட்காதவர் என்ன செய்வார்? பெயர் தெரிந்தவருக்குப் போடுவார். நம் ஊர்ச் சங்கத் தேர்தலிலும் அதுதானே நடக்கிறது.

தப்பான ஆளுக்குக் கொடுத்தது உண்டா?

உண்டு. மிகப் பிரபலமான கதை 1989. முதல் தடவையாக ஹார்ட் ராக் மற்றும் மெட்டல் எனும் அதிரடி கிடார் இசைக்கு ஒரு விருது வைத்தார்கள். மெட்டாலிக்கா குழு அன்றைய விழாவிலேயே வாசித்தது, எல்லோரும் அவர்களுக்குத்தான் என்று நினைத்தார்கள். உறை பிரித்தால் ஜெத்ரோ டல். நல்ல குழுதான், ஆனால் அதன் தலைவர் புல்லாங்குழல் வாசிப்பவர். மெட்டல் கேட்கிற யாரும் அவர்களை மெட்டல் என்று சொல்ல மாட்டார்கள். அவர்களே ஜெயிக்க மாட்டோம் என்று விழாவுக்கு வரவில்லை. ஓட்டுப் போட்டவர்களுக்கு மெட்டல் தெரியவில்லை, பழகிய பெயர் தெரிந்திருந்தது. நான் மேலே சொன்ன விஷயத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

அதே 1989-ல்தான் ராப்புக்கும் முதல் விருது. அதைத் தொலைக்காட்சியில் காட்ட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். வென்ற இருவரில் ஒருவர் பின்னாளில் நடிகரான வில் ஸ்மித். அவரும் அவருடைய கூட்டாளி டிஜே ஜாஸி ஜெஃபும் விழாவைப் புறக்கணித்தார்கள். அந்தச் சமயத்தில் அமெரிக்கத் தெருக்களில் இளைஞர்கள் கேட்டுக்கொண்டிருந்த இசையே ராப்தான்.

அடுத்த வருஷம் மில்லி வனில்லி என்ற இரட்டையருக்குச் சிறந்த புதுமுகக் கலைஞர் விருது. ஆல்பத்தில் பாடியது அவர்கள் இல்லை, வேறு ஆட்கள் என்று சில மாதங்களில் வெளியே வந்தது. 1990 நவம்பரில் விருதைத் திரும்பப் பெற்றார்கள். அந்த இரண்டு பையன்களை உலகமே கேலி செய்தது. அவர்களை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னாலிருந்து பணம் பார்த்தவர்களை அந்த அளவுக்கு யாரும் திட்டவில்லை. இன்றும் அதை நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது.

இன்னொரு கணக்கையும் பார்க்கலாம். ஜமைக்காவின் ரெகே பாடகர் பாப் மார்லி ஒரு போட்டியிலும் கிராமி வென்றதில்லை. ராக் கிடார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸும் இல்லை. குயின் என்ற ராக் குழுவும் இல்லை. ஹெண்ட்ரிக்ஸுக்கும் மார்லிக்கும் இறந்து வெகுகாலம் கழித்து வாழ்நாள் சாதனையாளர் என்று ஒன்றைக் கொடுத்தார்கள்.

அமெரிக்கப் பாடகி பியான்ஸே விவகாரம் என்ன? ஒரு பக்கம் அதிக கிராமி அவருக்கு என்கிறார்கள், இன்னொரு பக்கம் அநியாயம் என்கிறார்கள்.

இரண்டும் உண்மை. 2023-ல் அவர் 32 கிராமிகளோடு எல்லாச் சாதனைகளையும் தாண்டினார். ஆனால் அந்த 32-ல் ஆண்டின் சிறந்த ஆல்பம் ஒன்றுகூட இல்லை. 2010, 2015, 2017, 2023 என்று நான்கு தடவை பட்டியலில் வந்து நான்கு தடவையும் கைவிட்டுப் போனது. 2017-ல் விருதை வாங்கிய பிரிட்டிஷ் பாடகி அடேல் மேடையிலேயே, இதை என்னால் ஏற்க முடியாது, என் வாழ்வின் கலைஞர் பியான்ஸேதான் என்று அழுதுகொண்டே சொன்னார். வாங்கினவரே அப்படிச் சொன்ன பிறகு என்ன இருக்கிறது. கடைசியில் 2025-ல், ஒரு கன்ட்ரி ஆல்பத்துக்காக, கொடுத்தார்கள். அதற்கு முன்னால் அந்த விருதை வாங்கிய கறுப்பினப் பெண் 1999-ல் லாரின் ஹில். நடுவில் இருபத்தாறு வருஷம். சின்னப் பிரிவுகளில் அள்ளிக் கொடுத்து, பெரிய பிரிவில் கதவை அடைத்து வைத்திருந்தார்கள் என்று கறுப்பினக் கலைஞர்கள் சொல்வதை என்னால் மறுக்க முடியவில்லை.

ரகசியக் கமிட்டி இருந்தது என்பது உண்மையா?

உண்மை. 1990-களின் நடுவிலிருந்து, முதல் சுற்று ஓட்டில் முன்னணியில் வந்த பெயர்களை எடுத்துக்கொண்டு, பெயர் வெளியிடாத ஒரு சிறு குழு உட்கார்ந்து இறுதிப் பட்டியலை முடிவு செய்யும் வழக்கம் இருந்தது. 2020 நவம்பரில் தி வீக்கெண்ட் என்ற பாடகருக்கு ஒரு பிரிவில்கூட இடம் இல்லை. அந்த வருஷம் ரேடியோவைத் திறந்தாலே அவர் குரல்தான். ஒன்றாவது வேண்டாமா? அவர் வெளிப்படையாகவே ஊழல் என்று சொன்னார், இனி தன் இசையை அனுப்பவே மாட்டேன் என்று அறிவித்தார். 2021 ஏப்ரல் 30 அன்று அகாடமி பெரும்பாலான பிரிவுகளில் அந்தக் கமிட்டிகளைக் கலைத்தது.

அதற்கு முன்பே, 2020 ஜனவரியில், பொறுப்பேற்று ஆறு மாதம்கூட ஆகாத தலைமை நிர்வாகி டெபோரா டூகனை விழாவுக்குப் பத்து நாள் முன்னால் கட்டாய விடுப்பில் அனுப்பினார்கள். ஓட்டு முறையில் முறைகேடு நடக்கிறது என்று அவர் புகார் மனு கொடுத்தார், அகாடமி மறுத்தது. யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் நியாயமாக நடக்கிறோம் என்று சொல்கிறவர்கள் பெயரை மறைத்து உட்கார வேண்டியதில்லை.

2025-ல் தி வீக்கெண்ட் திரும்பி வந்து அந்த மேடையில் பாடினார். அது அவர் விருப்பம்.

கலைஞர்களே வேண்டாம் என்று சொன்னதுண்டா?

ஐரிஷ் பாடகி ஷினேட் ஓ'கானர் 1991-ல் சொன்னார். நான்கு பிரிவுகளில் பெயர் இருந்தது, ஒன்றில் வென்றார். போகவில்லை, வாங்கவும் இல்லை. இசையை விற்பனை எண்ணிக்கையால் அளக்கிறார்கள் என்பது அவர் கோபம். அப்போது அவருக்கு இருபத்து நான்கு வயது.

1996-ல் பேர்ல் ஜாம் என்ற ராக் குழுவின் பாடகர் எடி வெட்டர் மேடையேறி, இதற்கு என்ன அர்த்தம் என்று தனக்குத் தெரியவில்லை, அர்த்தம் எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை என்றார். 2019-ல் ராப் பாடகர் டிரேக், உங்கள் பாட்டை வரி பிசகாமல் பாட உங்கள் ஊரில் ஆட்கள் இருந்தால் நீங்கள் ஏற்கெனவே ஜெயித்துவிட்டீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சு முடிவதற்குள் ஒளிபரப்பு விளம்பரத்துக்குப் போய்விட்டது. அவர் சற்று நிறுத்தியதைப் பேச்சு முடிந்ததாக நினைத்துவிட்டோம் என்று நிகழ்ச்சித் தரப்பில் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் அந்த மேடையில் நான் கேட்ட பேச்சுகளிலேயே உருப்படியானது அதுதான்.

நம்மவர்கள் வாங்கும்போதுகூடச் சந்தோஷம் இல்லையா?

இல்லாமல் என்ன? ஏ.ஆர். ரஹ்மான் 2010-ல் இரண்டு வாங்கியபோது தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். கடம் விக்கு விநாயக்ராம் வாசித்த 'பிளானட் டிரம்' ஆல்பத்துக்கு, உலக இசைப் பிரிவு முதன்முதலில் வைக்கப்பட்ட 1992-லேயே விருது கிடைத்தது. அவர் மகன்தான் செல்வகணேஷ். முப்பத்திரண்டு வருஷ இடைவெளியில் அப்பாவும் பிள்ளையும், கடமும் கஞ்சிராவும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

எனக்கு வருத்தம் செய்தி வந்த விதத்தில்தான். 2025-ல் சென்னையில் பிறந்த சந்திரிகா டாண்டனுக்கு விருது வந்தபோது, அவர் இந்திரா நூயியின் அக்கா என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அந்த ஆல்பம் வேத மந்திரங்களோடு ஒரு தென்னாப்பிரிக்கரின் புல்லாங்குழலும் ஒரு ஜப்பானியரின் செல்லோவும் சேர்ந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? கோப்பையைப் பற்றிப் பேசினோம், பாட்டைக் கேட்கவில்லை.

ஜாகிர் உசேன் அஞ்சலியில் என்ன நடந்தது?

2024 டிசம்பர் 15 அன்று சான் பிரான்சிஸ்கோவில் அவர் காலமானார். பல பத்தாண்டுகள் அமெரிக்காவிலேயே வாழ்ந்து, அங்கேயே சொல்லிக்கொடுத்து, அங்கேயே வாசித்தவர். 2025 பிப்ரவரி விழாவில், மறைந்த இசைக் கலைஞர்களுக்கான அஞ்சலியைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அதில் அவர் இல்லை. அதற்குச் சரியாக ஒரு வருஷம் முன்னால் அதே அமைப்பு ஒரே நாளில் மூன்று விருது கொடுத்த மனிதர் அவர். ஒரு படம், நான்கு விநாடி, அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கும்.

நேரம் போதவில்லை என்று யாராவது காரணம் சொன்னால் நான் ஏற்க மாட்டேன். இந்த விழா மேல் எனக்கு மிச்சம் இருந்த கொஞ்ச நஞ்ச மரியாதையும் அன்றைக்குப் போனது.

இத்தனை குறை இருந்தும் கலைஞர்கள் ஏன் ஆசைப்படுகிறார்கள்?

பிழைப்பு. பெரிய நட்சத்திரத்துக்கு ஒரு கிராமி கூடுதலாக வந்தால் அலமாரியில் இன்னொரு கோப்பை. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், சைடிகோ என்ற அந்த ஊர் நாட்டார் இசையில் அக்கார்டியன் வாசிக்கிறவருக்கு அது அடுத்த பத்து வருஷத்துக்கான அழைப்பு. சுவரொட்டியில் பெயருக்கு முன்னால் ஒரு வார்த்தை சேர்ந்தால் கேட்கும் சம்பளம் மாறும்.

2011-ல் அகாடமி 109 பிரிவுகளை 78 ஆகக் குறைத்தது. சைடிகோவும் ஹவாய் இசையும் அமெரிக்கப் பூர்வகுடிகளின் இசையும் ஒரே பிரிவுக்குள் திணிக்கப்பட்டன. லத்தீன் ஜாஸ் பிரிவையே எடுத்துவிட்டார்கள். நியூயார்க்கின் லத்தீன் ஜாஸ் கலைஞர்கள் போராடினார்கள், வழக்குக்கூடப் போட்டார்கள். 2012-ல் அந்தப் பிரிவு திரும்பி வந்தது. தொலைக்காட்சியில் ஒரு நாளும் காட்டாத ஒரு விருதுக்காக அவ்வளவு போராடினார்கள். விருதின் அருமை தெரிந்தவர்கள் அவர்கள்தான். அதனால்தான் விருதை நான் குறை சொல்வதில்லை என்று மேலே எழுதினேன்.

ஜனங்கள் இன்னும் பார்க்கிறார்களா?

குறைந்திருக்கிறது. மைக்கேல் ஜாக்சன் ஒரே இரவில் எட்டு விருது வாங்கிய 1984-ல் அமெரிக்காவில் 5 கோடிக்கும் மேல் பார்த்தார்கள். 2021-ல் ஒரு கோடிகூட இல்லை. 2024-ல் ஏறக்குறைய 1.7 கோடிக்கு ஏறியது.

மேடையில் கையில் கொடுக்கும் கோப்பை உண்மையானதா?

இல்லை. நேரலையில் கொடுப்பது காட்டுவதற்கான கோப்பை. பெயர் பொறித்த அசல் கோப்பை பிறகு வீட்டுக்குப் போகும். கொலராடோ மாநிலத்தில் ரிட்ஜ்வே என்ற சின்ன ஊரில், ஒரு பட்டறையில், ஒவ்வொன்றையும் கையால் செய்கிறார்கள். இந்தப் பட்டறையை ஒரு மணி நேரம் காட்டினால் உட்கார்ந்து பார்ப்பேன்.

அப்படியென்றால் பிப்ரவரியில் நீங்கள் என்னதான் செய்வீர்கள்?

பரிந்துரைப் பட்டியலை எடுத்து வைத்துக்கொள்வேன். அதைக் கடைசியிலிருந்து மேல்நோக்கிப் படிப்பேன். முதல் பக்கத்துப் பெயர்களை எப்படியும் ஆட்டோவிலும் டீக்கடையிலும் கேட்டுவிடுவோம். பின்னால் இருக்கும் உலக இசை, வட்டார நாட்டார் இசை, சிலர் மட்டும் சேர்ந்து வாசிக்கும் சிற்றரங்க இசை, இப்படிப் பல பிரிவுகள்; ஒவ்வொன்றிலும் ஐந்து பெயர் இருக்கும். ஒரு ராத்திரிக்கு ஒன்று என்று கேட்டால் இரண்டு மாதம் ஓடும். பாதி பிடிக்காது. மீதியில் சிலது காலத்துக்கும் கூட வரும்.

மதிய விழாவை முடிந்தால் நேரலையில் பாருங்கள், இணையத்தில் காசு கிடையாது. தூக்கம் கெடும் என்றால் மறுநாள் பதிவைப் பாருங்கள். அப்புறம் ஊரில் இருந்தால், அன்று சாயங்காலம் பக்கத்தில் எங்கே கச்சேரி என்று விசாரித்துப் போங்கள். போன வருஷம் நான் போன சபாவில் முப்பது பேர்கூட இல்லை. முதல் வரிசையில் உட்கார்ந்ததால் கஞ்சிராக்காரர் ஒவ்வொரு உருப்படிக்கும் முன்னால் செம்பில் விரலை நனைத்து, தோலின் உட்பக்கம் சொட்டுச் சொட்டாகத் தடவி, காதருகே வைத்துத் தட்டிப் பார்த்தது தெரிந்தது. ஈரம் அதிகமானால் ஓசை அடங்கும், காய்ந்தால் கீச்சென்று ஏறும். தனி ஆவர்த்தனத்தின் நடுவில் மிருதங்கக்காரர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே குனிந்து இன்னொரு சொட்டு வைத்தார், நிமிர்ந்தார், அடுத்த ஆவர்த்தனத்தில் சரியாகச் சேர்ந்துகொண்டார்.